சங்குப் பெட்டி

‘இந்நூலகம் வேறு செயலிக்குரியது’ என்று கணினி மீண்டும் மறுத்தபோது, கீர்த்தனா தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணால் தோட்டத்து அலுவலக ஊழியன் வினோத்தை நோக்கினாள்.

அவன் சன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கிறானா, பார்ப்பதுபோல் நிற்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

குன்னூரை அடுத்த அத்தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளரின் லைன் வீடுகளுக்கு மேலே செங்குத்தான சரிவு ஒன்று உண்டு. மழை மிகுந்து மண் இளகும் முன்பே சங்கு ஊதி எச்சரிக்கும் பெட்டி அங்கே பொருத்தப்பட்டிருந்தது. அதற்குரிய நிரலின் புதிய பதிப்பைக் கோவை நிறுவனம் கீர்த்தனாவிடம் கொடுத்தனுப்பியிருந்தது. மாலைக்குள் ஏற்றியாக வேண்டும்.

ஒரு வீட்டில் சமைத்து வேறொரு வீட்டில் பரிமாறுவது போன்ற வேலை அது. நிரல் உருவாவது தோட்டத்து அலுவலகக் கணினியில். ஓடுவதோ பெட்டிக்குள் இருக்கும் வேறு வகைச் செயலிச் சில்லில். ஆகவே, நிரலை எந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலரும், அதனோடு இணையும் துணைநிரல் தொகுப்புகளான நூலகங்களும் பெட்டிக்கு ஏற்றவையாக இருத்தல் வேண்டும்.

அந்நூலகங்களுள் ஒன்றை அகற்றிவிட்டு, அதே பெயரில் கணினிக்குரிய நூலகத்தை யாரோ வைத்திருந்தார்கள்.

தானாக நேரும் பிழையன்று அது. அக்கணினியைக் கையாள்பவன் வினோத் ஒருவனே.

மேலாளர் ரொனால்ட் குடையை உதறியபடி உள்ளே வந்தார்.

“ஏனுங்க, இன்னுமா முடியல? நாலு தூறல் போட்டாலே அந்தப் பொட்டி பேய் புடிச்சாப்ல கத்துதுங்க. லைன்ல ஒருத்தரும் கொழுந்து பறிக்க வாறதில்ல. நம்ம வினோத்தோட டிப்ளமாவுக்கு அது அடங்கவும் மாட்டேங்குது!”

வினோத் சிரிக்கவில்லை.

சரியான நூலகத்தைத் தன் மடிக்கணினியிலிருந்து எடுத்து உரிய இடத்தில் வைத்தாள் கீர்த்தனா. எனினும் ஐயம் அகலவில்லை. இவன் இன்னும் எங்கெங்கே கை வைத்திருக்கிறானோ? பெட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய நிரலையும், தான் கொண்டுவந்த புதிய நிரலையும் வரிவரியாக ஒப்பிட்டாள்.

இரண்டையும் அவன் தொட்டிருக்கவில்லை.

வேறுபட்டது ஒரே ஒரு வரி. ஒரு நாளில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தால் சங்கு ஊத வேண்டும் என்னும் வரி. பழையதில் எண்பது. அவள் கோவையிலிருந்து சுமந்து வந்ததில் இருநூறு.

‘சின்னத் திருத்தம்தான்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ரொனால்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் அருகிலேயே அமர்ந்தார். திரையில் ஓடும் எழுத்துகள் அவருக்கு விளங்கியதாகத் தோன்றவில்லை.

கீர்த்தனா திரையின் சுட்டியை அவ்வெண்ணின் மீது கொண்டுபோய் நிறுத்தினாள். பின்னர் அவள் விரல்கள் இரண்டொரு விசைகளைத் தட்டின.

இம்முறை கணினி மறுக்கவில்லை.

“ஏறிடுச்சுங்க சார். புதுப் பதிப்பு.”

வினோத் திரும்பினான். கொலைகாரியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான். பிறகு கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான்.

“அம்மா, உலைய எறக்கி வச்சுட்டுக் கெளம்பு. பக்கத்து ஊட்டு இசக்கியம்மாளையும் கூட்டிக்கிட்டு மேட்டுக் கோயிலுக்குப் போயிரு. ஆமா, இப்பவே. இனிமேல் அந்தச் சங்க நம்பாதம்மா.”

பெட்டிக்குள் போயிருப்பது எண்பதுதான் என்று அவனிடம் சொல்லக் கீர்த்தனா வாயெடுத்தாள்.

ரொனால்ட் நாற்காலியைவிட்டு எழவேயில்லை.