தவசி கையில் கத்தி

"தலையத் தூக்குடா. இன்னுங் கொஞ்சம்" என்றான் தவசி.

சுருளிவேல் தூக்கினான். உட்கார்ந்திருந்த முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

போடியில் பட்டறை வைத்துக் கத்தி அடிப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. குரங்கணிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு எல்லாரும் ஒரே அளவு, ஒரே வளைவில்தான் கத்தி அடிப்பார்கள். கைப்பிடியில் உள்ள முத்திரையை வைத்துத்தான் யாருடையது என்று தெரியும். ஒருவன் கத்தி பத்திரிகையில் வரவேண்டுமென்றால், பட்டறைக்காரர் சங்கத்து ஆட்கள் முன்னால் அதே கத்தியால் அவனுக்குத் தாடி எடுக்க வேண்டும். சோப்பு கிடையாது, பச்சைத் தண்ணீர்தான். எடுப்பவன் இன்னொரு பட்டறைக்காரன். இதுவரை ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. எல்லாரும் அண்ணன் தம்பியாகப் பழகியவர்கள் அல்லவா!

அதெல்லாம் எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவணி வரைக்கும்தான்.

அந்த மாதம்தான் மதுரையிலிருந்து வரும் 'பட்டறைச் செய்தி'யில் சுருளிவேலின் பேட்டி வந்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை எந்த நேரத்தில் தண்ணீரில் முக்கவேண்டும் என்ற நுணுக்கத்தைத் தானே கண்டுபிடித்ததாகவும், போடியில் வேறு யாருக்கும் அது தெரியாதென்றும் அளந்திருந்தான். நிருபர் டீ வாங்கிக் கொடுத்துப் புகழ்ந்ததில் வாய் நீண்டுவிட்டது. உண்மையில் அதைக் கண்டுபிடித்தவன் தவசி. ஒளிக்காமல் சிநேகிதனுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான்.

சங்கத் தலைவர் மலைச்சாமி டீக்கடையில் அதைச் சத்தமாக வாசித்தபோது தவசி கையை நீட்டினான். பத்திரிகையை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

இன்று சுருளிவேலின் கத்தியைப் படம் எடுக்கப் பத்திரிகையின் போட்டோக்காரர் பஸ்சில் வந்து இறங்கியிருந்தார். "தாடி யாருப்பா எடுக்கிறது?" என்று மலைச்சாமி கேட்டு முடிப்பதற்குள், "நான் எடுக்கிறேன்" என்று தவசி எழுந்துவிட்டான்.

"கத்தியக் கொண்டா. ஒருக்காத் தீட்டிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு பக்கத்திலிருந்த தன் பட்டறைக்குப் பின்னால் போனவன், ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தான். கைப்பிடியில் துண்டைச் சுற்றியிருந்தான்.

"துண்டு எதுக்குடா?" என்றார் மலைச்சாமி.

"கை வேர்க்குதுண்ணே. வழுக்கிறக் கூடாதுல்ல."

உலை முன்னால் நாள் முழுக்க நின்றாலும் அசராத ஆள் தவசி. இன்று அவன் முகம் வெளுத்திருந்தது. சுருளிவேல் மெதுவாக ஆரம்பித்தான்.

"தவசி... அந்தப் பத்திரிகையில..."

"வாயத் தெறக்காத. பேசுனா கழுத்து ஆடும்."

கத்தி கன்னத்தில் இறங்கியது. சுருளிவேலின் கண்ணுக்கு நேரே தவசியின் சட்டைப்பை. அதில் அதே பத்திரிகை, மடித்தது மடித்தபடி இருந்தது.

எழுந்து ஓடிவிடலாமா? ஓடினால், தன் கத்தியைத் தானே நம்பாதவன் என்று ஊரே சிரிக்கும். உட்கார்ந்திருந்தாலோ, கை வழுக்கிவிட்டது என்று தவசி ஒரு வார்த்தை சொன்னால் போதும், யார் மறுக்கப் போகிறார்கள்? துண்டைச் சுற்றியதும் அதற்கு முன்னேற்பாடுதானோ? கிளம்பும்போது பெண்டாட்டி மொக்கம்மாளிடம் சொல்லிக்கொண்டுகூட வரவில்லையே என்று அழுகை முட்டியது.

"கொன்னுறாத மாப்ளே" என்றான், உதடு அசையாமல்.

தவசி முடியைக் கொத்தாகப் பிடித்து அவன் தலையைப் பின்னுக்குச் சாய்த்தான். கத்தி தொண்டைக்கு வந்தது. சுருளிவேல் கண்ணை இறுக மூடிக்கொண்டு குலசாமியைக் கூப்பிட்டான்.

சர்ரக். சர்ரக்.

"ஆச்சு. எந்திரி."

தடவிப் பார்த்தான். வழுவழுவென்று இருந்தது. ஒரு பொட்டு ரத்தமில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

"பிரமாதமான கத்தி! அட்டையிலயே போட்டுரலாம். அதைக் கையில பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்றார் போட்டோக்காரர்.

"கழுவிட்டுக் கொண்டாறோம் சார். டேய், நீயும் வா" என்று தவசி அவன் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப் போனான்.

அங்கே ஆள் அரவமே இல்லை. ஆக, இங்கேதானா? சுருளிவேல் பொத்தென்று அவன் காலில் விழுந்தான்.

"தப்புத்தான் மாப்ளே! உன் வித்தைய என்னுதுன்னு சொல்லிப்பிட்டேன். என்னைய விட்ரு!"

தவசி துண்டை அவிழ்த்தான். கைப்பிடியில் இருந்தது தவசியின் முத்திரை. பிறகு தீட்டுக்கல்லின் மேல் கிடந்த சாக்கை விலக்கினான். அடியில் சுருளிவேலின் கத்தி, விளிம்பெல்லாம் பல் பல்லாக உதிர்ந்து கிடந்தது.

"அவசரப்பட்டுத் தண்ணியில முக்கியிருக்க. கல்லுல வச்சதுமே உதிந்துருச்சு, இதக் கழுத்துல வச்சா நீ பொழைப்பியா? எனக்குக் கோவந்தான், அத நாளைக்கு வச்சுக்குவோம். இப்ப வெரசா உன் கைப்பிடியத் தட்டிக் கழட்டி என் கத்தியில மாட்டு, போட்டோக்காரரு காத்துக்கிட்டிருக்காரு."