பாசோ வீட்டுச் சாயல்

இந்தோனேசியாவின் மக்காசார் நகரச் சுகாதார நிலையத்தில், ஒன்பது மாத மகனின் வாயைத் துணியால் மூடியபடி பல் மருத்துவர் முன் நின்றாள் பெஸ்ஸே. அருகில் முகக்கவசத்தோடு கணவன் பாசோ.

"இவன் வாயைப் பாருங்க டாக்டர். 'எங்க வம்சமே இல்ல, பிள்ளையைத் தூக்கிட்டு உங்கம்மா வீட்டுக்கே போ'ங்கிறாங்க மாமியார்."

"எங்க வீட்ல எந்த ஆம்பளைக்கும் இப்படி இல்லைங்க. என் மாமன்களுக்குக்கூட இல்ல" என்றான் பாசோ.

"நீங்களுமா சந்தேகப்படுறீங்க?" பெஸ்ஸேவுக்கு அழுகை முட்டியது.

மருத்துவர் துணியை விலக்கினார். கீழ் ஈறில் அரிசிபோல் இரண்டு பற்கள்.

"நல்லாத்தானே முளைச்சிருக்கு?"

"அதுதாங்க பிரச்சினை!" பாசோ முகக்கவசத்தைக் கழற்றினான். புருவத்தில் நாலே முடி, உள்மடிந்த உதடு, பிறந்ததிலிருந்து ஒரு பல்கூட முளைக்காத ஈறு. "நாங்கெல்லாம் இப்படித்தான். கருவாட்டையே ஈறால அரைப்போம்."

மருத்துவர் சிரித்துவிட்டார். "இந்தக் குறை தாய்வழியாத்தான் மகனுக்கு வரும். உங்களுக்கு உங்கம்மா கொடுத்தது. அப்பன் மகனுக்குக் கொடுக்கவே முடியாது. உங்க பிள்ளைக்குப் பல் முளைக்கிறதுதான்யா முறை!"

பாசோ நம்பாமல் மகனின் வாய்க்குள் விரலை விட்டான்.

"ஐயோ!" என்று விரலை உதறியவன், வாய் நிறையச் சிரித்தான். "வா பெஸ்ஸே, வீட்டுக்குப் போவோம். எங்கம்மாவையும் ஒரு கடி கடிக்கட்டும்."