போன தடவை சொன்னது

சாலைக் கடைத்தெருவில் வாழைக்காய் அடுக்கிக்கொண்டிருந்த வடிவம்மாளின் முகத்துக்கு நேரே மலையாள டிவிக்காரன் ராகேஷ் மைக்கை நீட்டினான்.

"சேச்சி, புதிய சர்க்கார் வந்தாச்சு. உங்களுக்கு எந்து வேணும்?"

வடிவம்மாள் நிமிரவில்லை. "போன எலெக்சன் முடிஞ்சப்பவும் நீதானே மோனே வந்து கேட்டே? அன்னைக்குச் சொன்னதுதான். அதையே போட்டுக்கோ."

"புதுசா ஒண்ணும் இல்லையா?"

"பழசே வரலியே."

காலையிலிருந்து வெயிலில் அலைந்து ராகேஷுக்கும் அலுத்துப்போயிருந்தது. சரியென்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

சாயங்காலம் எதிர்த்த டீக்கடை டிவியில் நிஜமாகவே அந்தப் பழைய பேட்டி ஓடியது. ஓரத்தில் 'இன்று' என்று வேறு போட்டிருந்தார்கள். திரையில் வடிவம்மாளின் பக்கத்தில் நின்ற அவள் புருஷன் பூதலிங்கம், கடை முன்னால் திறந்து கிடந்த சாக்கடை ஓடையைக் காட்டிச் சிரித்தார்.

"இதுக்கு மேல ஒரு ஸ்லாப் போட்டாப் போதும் சாரே, வேற ஒண்ணும் வேண்டாம். மழையில எவனாவது விழுந்து செத்தாத்தான் போடுவானுவ போலிருக்கு."



வடிவம்மாள் காலடியில் கிடந்த ஓடையைப் பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க விழுந்து செத்த பொறவும் போடலியே, கேட்டேளா?"