பீங்கான் பாக்கு

கறுக், கறுக் என்று பாக்கு வெட்டும் சத்தம். விருதுநகரில் கல்லூரி பஸ்ஸுக்கு நிற்கையில், பக்கத்து வெற்றிலைக் கடையிலிருந்து தினமும் கேட்டது. ஐம்பது வருஷம் கழித்து நியூசிலாந்தின் ஆக்லாந்தில், நியூ லின் பகுதிக் கேலரி ஒன்றில், கண்காட்சியின் முதல் நாளன்று ஒலிபெருக்கியில் அதைக் கேட்டதும் பாக்யலட்சுமி நின்றுவிட்டாள்.

"இது எந்த ஊர்ச் சத்தம்?"

"தைவான், அத்தை. அங்கே ரோட்டோரமெல்லாம் பாக்குக் கடைதானாம். அதையே கலையாக்கிட்டாங்க" என்றாள் மருமகள் தாரிணி.

கேலரியில் அவளுக்குப் புது வேலை. தொண்ணூறு நாள் ட்ரையல். இன்னும் பத்து நாள் தாண்டினால் நிரந்தரம்.

கூடத்தின் நடுவே, நியான் விளக்கு மின்னும் கண்ணாடிக் கடை போல ஓர் அமைப்பு. உள்ளே பச்சைப் பீங்கானில் நூற்றுக்கணக்கான பாக்குகள். அவற்றைச் செய்த தைவான் கலைஞர் யூ-சென்னுக்கு அறுபது வயதிருக்கும். பாக்யலட்சுமி அவரை விடவில்லை.

"உங்க ஊர்ல இவ்வளவு ஆர்ட்டிஸ்ட் எங்கேர்ந்து வந்தாங்க?"

"நான் வளரும்போது ராணுவச் சட்டம். வரையவே பயம். அது போனபிறகு, மூடிக்கிடந்த சர்க்கரை ஆலை, ரயில்வே கிடங்கெல்லாம் திறந்துவிட்டார்கள். உள்ளே புகுந்து வரைந்தோம்."

"சர்க்கரை ஆலைன்னா எறும்பு வந்திருக்குமே?"

"வந்தன. அவைதான் எங்கள் முதல் ரசிகர்கள்."

வாசலருகே ஒரு தட்டில் பட்டுத்துணியில் செய்த வெற்றிலை, பீங்கான் பாக்கு. விசேஷ வீட்டிலிருந்து கிளம்புகிறவள்போல, பாக்யலட்சுமி ஒரு வெற்றிலையும் இரண்டு பாக்கும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் மகன் சரத் பதறினான். "அம்மா! கண்காட்சிப் பொருளை எடுத்துட்டு வரலாமா?"

"வாசல்ல தட்டு வெச்சிருந்தாங்கடா. எடுக்காம வர்றதுதான் மரியாதைக் குறைச்சல்."

அன்று தாமதமாக வந்த தாரிணி, மேஜைமேல் இருந்த பாக்கைப் பார்த்தாள்.

"வர்றவங்க எடுத்துக்கத்தான் வெச்சது. அத்தையை எதுவும் சொல்லாதீங்க."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. காலையில் போவாள், சாயங்காலம் வருவாள், படுத்துக்கொள்வாள்.

"சேலை கட்டிட்டு அங்கே போய் நான் எறும்புக் கதை கேட்டது உன் பொண்டாட்டிக்கு வெட்கம்" என்றாள் பாக்யலட்சுமி மகனிடம்.

"ட்ரையல் டென்ஷன்மா. விடுங்க."

கண்காட்சியின் கடைசி நாள். பாக்யலட்சுமி யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். யூ-சென்னிடம் கேட்க இன்னும் நாலு கேள்வி பாக்கி.

"வெத்தலை பாக்கு கொடுத்து அனுப்பினீங்களே, அதுக்கு நன்றி சொல்லவும் வந்தேன்" என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

யூ-சென் அந்தப் பாக்குகளை வாங்கி உள்ளங்கையில் உருட்டினார். கண் கலங்கியது.

"பதினோரு நகரங்களில் இந்தத் தட்டை வைத்தேன். எடுத்துக்கொள்ளத்தான் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எழுதி ஒட்டினால் அது உபசரிப்பு இல்லையே. யாருமே எடுக்கவில்லை. நீங்கள்தான் முதல் ஆள்."

பாக்யலட்சுமிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் யூ-சென்னின் நெற்றி சுருங்கியது.

"இவை உடைந்துவிட்டதாகச் சொன்னார்களே?"

"யார் சொன்னா?"

"இங்கே வேலை பார்த்த பெண். பாக்கு குறைகிறது, கேமராவைப் பார்க்கலாம் என்று மேனேஜர் சொன்னதும், 'நான்தான் கை தவறி உடைத்தேன், துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டேன்' என்றாளாம். நான் வெலிங்டனிலிருந்து நேற்றுதான் திரும்பினேன். வந்ததும் சொன்னார்கள்."

பாக்யலட்சுமி உள்ளே எட்டிப் பார்த்தாள். தாரிணியின் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

கண்காட்சி தொடங்கிய அன்று சாயங்காலமே தாரிணியை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள்.