சாமிக்குச் சொன்ன அடையாளம்

கல்குவாரியில் பாறை சரிந்துவிட்டது என்று கேட்டுச் சீனியம்மா ஓடி வந்தபோது, குருவம்மா முன்னமே இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரின் புருஷன்மாரும் உள்ளேதான் வேலை பார்த்தார்கள். அந்த ஊரில் மூத்த பிள்ளைக்குக் குலசாமி பேர்தான். புருஷன்மார் இருவர் பேருமே இருளப்பன்.

"இருளப்பன்னு ஒரு ஆளு செத்துட்டான். இன்னொரு இருளப்பனை உசுரோட தூக்கியிருக்காங்க," என்றான் வாட்ச்மேன்.

"எந்த ஆளுய்யா? நெட்டையா, குட்டையா?"

"போன்ல இவ்வளவுதாம்மா சொன்னாங்க."

குருவம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். "சாமி, ஒம் பேரு வச்ச மனுசனக் காப்பாத்திக் குடுத்துரு."

சீனியம்மா வாயிலும் அதே வார்த்தைதான் வந்தது, ஓர் எழுத்து மாறவில்லை. யாருக்காகக் கேட்கிறாள் என்று சாமிக்குத் தெரிய வேண்டாமா? "நெட்டை ஆளு சாமி, புருவத்துல தழும்பு இருக்கும்..." என்று அடையாளம் சொல்லத் தொடங்கினாள்.

பக்கத்தில் குருவம்மாவின் முணுமுணுப்பு நின்றுபோயிற்று. குருவம்மா கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு மதினி," என்றாள். "முழுசாச் சொல்லு. அப்புறம் நானும் சொல்றேன்."

தன் ஆளை அடையாளம் காட்டிக் கேட்டால், செத்தது மதினி புருஷனாக இருக்கட்டும் என்று கேட்டதாகிவிடும். சீனியம்மாவால் மேலே சொல்லவும் முடியவில்லை. கும்பிட்ட கையை இறக்கவும் முடியவில்லை.