டேப்காரர் சொன்ன யோசனை

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த ஆளின் கையில் அளவு டேப் இருந்தது. படுக்கையறைப் பூச்சு காயாமல் இருக்கத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவள், ரப்பர் குழாயை அப்படியே கீழே போட்டுவிட்டாள்.

"பயந்துட்டியாம்மா? நான்தான். வாசக்கதவோட அகலத்தை இன்னொரு தடவை பார்த்துக்கலாம்னு வந்தேன்" என்றார் அவர்.

மேஸ்திரியும் ஆட்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். வீட்டில் அவள் மட்டும்தான்.

அந்த மனிதர் யார், எங்கிருந்து வருகிறார் என்று யாருக்கும் தெரியாது. வேலையாட்கள் வைத்த பெயர் டேப்காரர். சுவர் இடுப்பளவு எழும்பியபோது ஒருநாள் வந்து நின்றார். அன்றிலிருந்து வாரம் தவறுவதில்லை.

முதன்முதலாக வீடு கட்டுகிறவர்களுக்கு யோசனை சொல்ல ஆளா பஞ்சம்? ஆனால் இவர் சொன்னதெல்லாம் ஒரு தினுசாக இருந்தது. கதவை அகலமாக வைக்கச் சொன்னார், படிக்குப் பக்கத்தில் சரிவு போடச் சொன்னார், குளியலறையில் கைப்பிடி பதிக்கச் சொன்னார். சமையல் மேடையை மூன்று அங்குலம் இறக்கச் சொன்னார்.

அவள் புருஷன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். "ஓசியில இன்ஜினியர் கிடைச்சிருக்காரு, விடுவாங்களா?" என்று பெருமை வேறு. அவளோ நெட்டை. இனி ஆயுசுக்கும் குனிந்துதான் சமைக்க வேண்டும்.

வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள், கட்டும்போது எட்டிப் பார்க்கிறவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாத்தனார் வீட்டில் குடிபோவதற்கு இரண்டு நாள் முன்னால் சுவரிலிருந்த வயரையெல்லாம் உருவிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கேயும் முன்கூட்டியே ஒருவன் வந்து பார்த்துவிட்டுப் போனானாம். அது அவளுக்கு நேற்று நடந்ததுபோல் நினைவிருந்தது.

டேப்காரர் வாசல் பக்கம் போனதும், அவள் பின்பக்கம் ஓடினாள். தண்ணீர்த் தொட்டியோரம் படிபோல ஒரு கல் கிடக்கும். அதன்மேல் ஏறி நின்றால்தான் போனில் சிக்னல் வரும். கல்லில் சிவப்புப் பெயின்டில் எழுதிய 5, சிமென்டு அப்பிப் பாதி மறைந்திருந்தது. அதன்மேல் ஏறிப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, அந்த ஆளு வந்திருக்காரு. நான் தனியா இருக்கேன்."

"டேப்காரரா? நல்ல மனுஷன்மா."

"நல்ல மனுஷன் எதுக்குங்க நம்ம வாசக்கதவை அளக்கணும்? உங்க அக்கா வீட்ல நடந்தது மறந்துபோச்சா?"

"நீ எதுக்குத்தான் பயப்படல? மணலைப் பக்கத்து மனையில கொட்டினதுக்கே, அந்த மனைக்காரன் சண்டைக்கு வருவான்னு ஒரு மாசம் தூங்கல. இதோ, பத்து நிமிஷத்துல வந்துடறேன்."

போனை வைக்கவும் வாசலில் ஒரு வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பட்டப்பகலில் வண்டி கட்டிக்கொண்டு வந்து அள்ளப்போகிறார்களா? அவள் நகையை விற்ற பணமெல்லாம் இந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது.

கதவிடுக்கில் நின்று பார்த்தாள். வேனிலிருந்து ஒரு குட்டையான பெண் இறங்கினாள். பின்னாலேயே சக்கர நாற்காலியில் ஒரு முதியவரை இறக்கினார்கள்.

நாற்காலி சரிவில் ஏறியது. வாசலில் எங்கும் உரசாமல் உள்ளே வந்தது.

குட்டைப் பெண் நேராகச் சமையலறைக்குப் போய், மேடையில் முழங்கையை ஊன்றிப் பார்த்தாள். "அளவெடுத்த மாதிரி இருக்குங்க" என்று சிரித்தாள். முதியவர் குளியலறைக் கைப்பிடியைப் பிடித்து, ஒருமுறை எழுந்து உட்கார்ந்தார். "இது போதும்டா எனக்கு" என்றார்.

திருட வருகிறவன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரமாட்டான். அது புரிந்த பிறகுதான் அவளுக்கு நிஜமான பயம் வந்தது.

புருஷன் வந்து சேர்ந்தான். கக்கத்தில் வாசலில் மாட்டப் புதிதாகச் செய்த பலகை.

"அடடே, குடும்பத்தோட வந்திருக்கீங்களா சார்? வாங்க வாங்க."

டேப்காரர் பலகையை வாங்கிப் படித்தார். 'மனை எண் 4' என்று இருந்தது. பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"பலகை நல்லா இருக்கு. ஆனா இதை இங்க மாட்ட முடியாதே. மணல் கொட்டி வெச்சிருக்கீங்க பாருங்க, அதுதான் நாலு."

"என்ன சார் சொல்றீங்க? தெரு மூலையிலேர்ந்து நானே எண்ணித்தானே மேஸ்திரிக்குக் காட்டினேன்!"

"மூலையில புதர் மண்டிக் கிடக்கே, அதுவும் மனைதான். அதை எண்ணாம விட்டுட்டீங்க. சந்தேகம்னா உங்க வீட்டம்மா ஏறி நின்னு போன் பேசுவாங்களே, அந்தக் கல்லைப் பாருங்க. என்கிட்ட பத்திரமும் இருக்கு."

அவள் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சிவப்பு 5 தினமும் அவள் காலடியில்தான் இருந்தது.

புருஷன் பலகையைக் கீழே வைத்தான். "இத்தனை மாசமா யோசனை சொன்னீங்களே சார். இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

டேப்காரர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, எப்போதும்போல அன்பாகச் சொன்னார்.

"அடுத்த வீட்டையாவது உங்க மனையில கட்டுங்க."