பத்து எண்ணும் வரை

அப்பா இன்ஹேலரைக் குலுக்க ஆரம்பித்ததும் அம்மா என் முதுகில் கை வைத்து முன்னே தள்ளினாள்.

எங்கள் வீட்டில் பெரிய விஷயமெல்லாம் இந்த நேரத்தில்தான் நடக்கும். மருந்தை உள்ளே இழுத்ததும் பத்து எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். அப்பாவால் வாயைத் திறக்க முடியாத நேரம் ஒரு நாளில் அது ஒன்றுதான்.

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தச்சுப் பட்டறையில் ரம்பத்தைவிட அவர் குரல்தான் சத்தமாகக் கேட்கும்.

முன்பெல்லாம் மூச்சு வாங்கினால்தான் மருந்தைத் தேடுவார். நன்றாக இருக்கும் நாளிலும் தவறாமல் எடுக்க வேண்டும் என்று டாக்டர் பிடி பிடியென்று பிடித்த பிறகு வழிக்கு வந்தார். வீசிங் அடங்கியது. அம்மாவுக்கும் ஒரு வசதி கிடைத்தது.

படுக்கையறைத் தரைவிரிப்பைத் தூக்கிப் போட்டது, அவருடைய பழைய ஸ்கூட்டரை மாமாவுக்குக் கொடுத்தது, என்னை வெளியூர் வேலைக்கு அனுப்பியது எல்லாம் அந்தப் பத்துக்குள் சொல்லி முடித்ததுதான். மூச்சை விடும்போது கோபத்தில் பாதி போயிருக்கும்.

இன்று என் முறை. சொல்ல வேண்டியது இரண்டு. ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன். அவருக்கு ஏற்கெனவே கல்யாணமாகி, விவாகரத்தும் ஆகிவிட்டது.

அப்பா வேண்டாம் என்றுவிட்டால் எனக்குத் தாங்காது.

புஸ் என்றது. அப்பா வாயை இறுக மூடிக்கொண்டு, இடது கை விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.

முதல் விஷயத்தைக் கடகடவென்று ஒப்பித்தேன். கூட வேலை செய்கிறவர், நல்ல மனிதர், அம்மாவும் பார்த்துவிட்டாள். இரண்டாவதற்கு வாயைத் திறந்து மூடினேன். அதற்குள் பத்து ஆகிவிட்டது.

அப்பா மெதுவாக மூச்சை விட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கத்தவில்லை.

“உங்கம்மா எப்பவும் பத்துக்குள்ள முடிச்சிடுவா. உனக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தல.”

அம்மா முகத்தில் ஈயாடவில்லை. மனுஷர் இத்தனை வருஷமாகத் தெரிந்தேதான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அப்பா இன்ஹேலரை மறுபடி குலுக்கினார்.

“இன்னொரு தடவை எடுக்கணும். இந்தத் தடவை மெதுவா எண்ணுறேன். மீதியையும் சொல்லிடு.”